முப்பத்தோரு ஃப்ரேம்

ஜனவரி 21, செவ்வாய்

சென்னையிலிருந்து ஹார்ட் டிஸ்க் வந்துவிட்டது. பஸ் பார்சலில் போய் வாங்கி வந்தேன். ஜெயசிங்கின் பேய்ப்படம். அக்டோபரில் தருவைகுளம் தாண்டி அந்தப் பழைய உப்புக் குடோனில் எடுத்தானே, அதுதான். டிரெய்லர் மட்டும் என் பொறுப்பு, இரண்டு நிமிடத்துக்குள். பிப்ரவரி பதினான்கில் வெளியிட வேண்டுமாம். காதலர் தினத்தில் பேயா என்று கேட்டேன். "அன்னைக்குத்தாண்ணே சோடியா உக்காந்து பாப்பான். பயந்தா புடிச்சுக்கிட ஆள் வேணும்லா" என்கிறான். இயக்குநர் ஆகியும் பேச்சு மாறவில்லை.

பானு விடியுமுன்பே துறைமுகத்துக்குப் போய்விட்டாள். கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை, கப்பல் வரும் நேரம்தான் அவளுக்கு ஆபீஸ் நேரம். எங்கள் மகள் மணிக்குத் தலைசீவி அங்கன்வாடியில் விட்டது நான். மூன்று தெரு நடை. போகிற வழி முழுக்க இன்றைக்கு டீச்சர் என்ன கதை சொல்வார் என்ற பேச்சு.

ஜனவரி 23

படத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். குடோன் நன்றாக வந்திருக்கிறது. உப்புப் பூத்த சுவர், காற்று, எல்லாம் சரி. பேய்தான் சரியில்லை. அந்தப் பெண்ணுக்கு மாவை அப்பி, கறுப்பு லென்ஸ் மாட்டி விட்டிருக்கிறார்கள். பார்த்தால் பயம் வரவில்லை, பாவமாக இருக்கிறது. ஜெயசிங்குக்கும் அது தெரியும். போனில் குரல் இறங்கிப்போய், "பேயக் காட்டாம வெட்ட முடியுமாண்ணே" என்று கேட்டான்.

காட்டாமல்தான் வெட்ட வேண்டும்.

ஜனவரி 26, ஞாயிறு

வேலை ஓடுகிறது.

முதல் நாற்பது நொடியில் ஒன்றுமே நடக்காது. ஒரு குடும்பம் வேனை விட்டு இறங்குகிறது, கதவைத் திறக்கிறது, சிரிக்கிறது. ஒவ்வொரு ஷாட்டையும், பார்ப்பவன் போதும் என்று நினைக்கிற இடத்தைத் தாண்டி அரை நொடி கூடுதலாக விட்டிருக்கிறேன். அந்த அரை நொடியில்தான் அவன் கண் தானாக இருட்டு மூலைகளைத் தேட ஆரம்பிக்கும். ஆட்களை ஓரத்தில் தள்ளி, நடுவில் காலி இடம் விட்டேன். அடியில் ஒரு முழக்கம். பெரிய லாரி தெருவில் நின்று உறுமும்போது ஜன்னல் கம்பி அதிருமே, காதுக்கு எட்டாமல் நெஞ்சில் மட்டும் தெரிகிற மாதிரி, அந்த அளவுக்கு. பிறகு வெட்டுகள் குறுகும். நொடிக்கு இருபத்துநான்கு ஃப்ரேம் என்ற கணக்கில், நாற்பத்தெட்டு ஃப்ரேம், முப்பது, பதினெட்டு, ஒன்பது. அது உச்சிக்குப் போகும் நேரம் பார்த்து எல்லாச் சத்தத்தையும் நிறுத்திவிட வேண்டும். தான் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது பார்ப்பவனுக்கு அப்போதுதான் தெரியும்.

அந்த அமைதியில் வைக்க ஒரு முகம் வேண்டும். அதுதான் இல்லை.

ஜனவரி 28

கிடைத்துவிட்டது.

கல்யாண விருந்துக் காட்சி. ஊர்க்காரர்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று ஜெயசிங் கேட்டபோது எங்கள் பக்கத்திலிருந்து இருபது பேரை நான்தான் கூட்டிப் போனேன். அதில் பிரேமா டீச்சரும் ஒருவர், மணியின் அங்கன்வாடி டீச்சர். கட் சொன்ன பிறகும் கேமரா ஓடியிருக்கிறது. மற்றவர்கள் இலையைப் பார்த்துக்கொண்டிருக்க, டீச்சர் மட்டும் கையிலெடுத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, நிமிர்ந்து, கேமராவை ஒட்டி எதையோ பார்க்கிறார். கண் அகலமாகிறது. வாய் திறக்கப் போகிறது.

வாய் திறப்பதற்கு முன்பே வெட்டினேன். நடுவில் ஒரு தடவை இமைக்கிறார், அந்த இமைப்பை எடுத்துவிட்டேன். இமைக்காத கண்ணை மனிதக் கண் என்று மனம் ஒப்புவதில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். முகத்திலிருந்த மஞ்சள் பூச்சை வெளிறச் செய்தேன். மொத்தம் முப்பத்தோரு ஃப்ரேம். ஒன்றேகால் நொடி சொச்சம். முன்னால் அமைதி, பின்னால் கறுப்புத் திரை, கறுப்பில் ஓர் இரும்புக் கதவு அறைகிற சத்தம்.

ஓட்டிப் பார்த்தபோது எனக்கே முதுகு சில்லிட்டது. நல்ல பகல், வாசலில் மீன்காரர் விலை பேசிக்கொண்டிருக்கிறார், நானே வெட்டியது, அப்படியும்.

பத்து வருடத்தில் இப்படி ஒன்று வெட்டியதில்லை.

ஜனவரி 29

ஜெயசிங் பார்த்தான். போனில் அந்தக் கதவுச் சத்தம் இரண்டு தடவை கேட்டது. பிறகு, "யாருண்ணே இந்தப் பொம்பள" என்றான்.

பிப்ரவரி 3

மணியை விடும்போது டீச்சரிடம் சொன்னேன். "டிரெய்லர்ல நீங்க வாரீங்க டீச்சர்."

"நானா? கூட்டத்துல தல தெரியுதோ?"

"முகமே தெரியுது."

வெட்கப்பட்டுக்கொண்டு சீனித்தாய் அக்காவைப் பார்த்தார். அங்கே சமைப்பது அந்த அக்காதான். அடுப்படியிலிருந்தபடியே, "இனும டீச்சரு நம்மகூட பேசுவாவளோ என்னமோ" என்றார். மணி உட்படக் குழந்தைகள் எதற்கென்று தெரியாமல் கைதட்டின.

எப்படி வருகிறார் என்று நான் சொல்லவில்லை. சம்மதமும் கேட்கவில்லை. படப்பிடிப்பில் எல்லோரும் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியதில்லை என்றால் இதை ஏன் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

மாலை ஐந்துக்கு இணையத்தில் வெளியானது. ஏழுக்குள் ஒரு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். கீழே எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு இடத்தைத்தான் சொல்கிறார்கள். முகப்புப் படமாகவும் டீச்சர் முகத்தையே வைத்துவிட்டார்கள். அதை என்னிடம் யாரும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேனா?

பிப்ரவரி 15

டீச்சர் போனில் பேசினார். சிரித்துக்கொண்டுதான். "தம்பி, இது நாந்தானா? எங்க வீட்டுல அவுகளே பயந்துட்டாவ." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "நான் அப்படியா பாக்கேன்?" என்றார்.

இல்லை டீச்சர், எடிட்டிங் என்றேன்.

"எடிட்டிங்கா" என்றார்.

பிப்ரவரி 18

பத்தொன்பது குழந்தைகளில் பதினொன்றுதான் வந்ததாம். பால் வாங்கப் போன இடத்தில் சீனித்தாய் அக்கா சொன்னார். வீட்டில் பெரிய பிள்ளைகள் போனில் காட்டி, "உங்க டீச்சர் பாத்தியா" என்று பயங்காட்டியிருக்கிறார்கள். தூங்க வைக்க டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தால் குழந்தைகள் கண்ணை மூடமாட்டேன் என்கின்றனவாம். "கண்ண மூடுனா டீச்சர் மாறிருவாவளாம் தம்பி. எவன் எடுத்தானோ அந்தப் படத்த" என்றார்.

அக்காவுக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெரியாது. படத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்ததோடு சரி, மற்றபடி கம்ப்யூட்டர் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் சொல்லவில்லை. பாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 19

மணி பார்த்துவிட்டாள்.

எதிர் வீட்டில். இத்தனை நாள் அவள் கண்ணில் படாமல் வைத்திருந்தேன். இன்று அங்கன்வாடி வாசலில் என் காலைக் கட்டிக்கொண்டு நகர மறுத்தாள். டீச்சரே வெளியே வந்து, குனிந்து, "வா மணி, இன்னைக்கு ஆமைக் கதை" என்று கையை நீட்டினார். மணி வீறிட்டாள். அப்படி ஓர் அலறலை அவளிடம் நான் கேட்டதில்லை. டீச்சர் நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டார். ஈரமே இல்லாத கை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 20

பானு சொன்னது: "வேற யாரும் வெட்டலலா. நீங்கதான வெட்டுனீங்க." சத்தம் போட்டிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். சோறு வைத்துக்கொண்டே சொன்னாள்.

பிப்ரவரி 21

ஜெயசிங்கிடம் கேட்டேன். முகப்புப் படத்தையாவது மாற்று என்றேன்.

"என் கையில இல்லண்ணே. எல்லாம் தயாரிப்பாளர் ஆபீஸ்ல பாக்காவ. அந்த மொகத்த வச்சுத்தான் படமே தெரியுது."

"அவங்க அங்கன்வாடி டீச்சர்டா. சின்னப் பிள்ளைங்க."

"தெரியும்ணே. கஷ்டமாத்தான் இருக்கு." உண்மையிலேயே கஷ்டப்பட்டான், குரலில் தெரிந்தது. அதை வைத்து நான் என்ன செய்ய.

ஆபீஸுக்கும் பேசினேன். ஒரு பெண் மிகவும் மரியாதையாகக் குறித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 24

மூன்று நாள் உட்கார்ந்து டீச்சர் இல்லாமல் ஒரு புது டிரெய்லர் வெட்டினேன். யாரும் கேட்கவில்லை, நானாக. அமைதிக்குப் பின்னால் முகத்துக்குப் பதில் ஒரு கிணற்றுக் கயிறு தானாக ஆடுகிறது. இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, இதற்கும் பயம் வரும். பழையதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள் என்று எழுதி அனுப்பினேன்.

மாலையில் பதில். பிரமாதம், இரண்டாவது டிரெய்லராகப் போடுகிறோம், முதலாவதும் இருக்கட்டும், கடைசியில் அந்த அம்மா முகத்தையும் ஒரு நொடி சேர்த்துக் கொடுங்கள்.

சேர்த்துக் கொடுக்கவில்லை. அவர்களே சேர்த்துக்கொள்வார்கள்.

பிப்ரவரி 27, வியாழன்

அங்கன்வாடியில் தாய்மாரை வரச் சொல்லியிருந்தார்கள். மேற்பார்வை அம்மாவும் வந்திருந்தார். நான் லேப்டாப்போடு போனேன். முதலில், இதைச் செய்தது நான்தான் என்றேன். சீனித்தாய் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை.

எல்லாவற்றையும் காட்டினேன். முழக்கத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது, வேகத்தைச் சரியாக்கினால் என்ன ஆகிறது, இமைப்பைத் திரும்ப வைத்தால் என்ன ஆகிறது. வெறுமனே ஒரு அம்மா பந்தியில் நிமிர்ந்து பார்க்கிறார், அவ்வளவுதான். இரண்டு மூன்று பேர் சிரித்தே விட்டார்கள். எனக்கு நம்பிக்கை வந்தது.

நஜ்லா என்று ஒரு பெண், ஹம்தானின் அம்மா, காயல்பட்டினத்திலிருந்து இங்கே குடிவந்தவர், அண்ணனைக் காக்கா என்பது அவர்கள் ஊர் வழக்கம். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்களுக்கு வெளங்குது காக்கா. டீச்சர் தங்கமானவங்க, யாரு இல்லேங்குறா. ஆனா மூணு வயசுப் பிள்ளைக்கு இத எப்படி வெளங்க வைக்கிறது? ராவெல்லாம் என் கழுத்த விடமாட்டேங்குறான்."

என் பிள்ளையே இங்கே வராமல் வீட்டில் இருக்கிறாள்.

டீச்சர் அறை ஓரத்தில் நின்றார். குழந்தைகள் பக்கம் முகம் தெரியாதபடி, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு.

மார்ச் 1

டீச்சரைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார். திட்டுவார் என்று போனவனுக்கு டீ.

பேச்சுவாக்கில்தான் கேட்டேன், அன்றைக்கு எதைப் பார்த்தீர்கள் என்று.

"மணியத்தான் தம்பி. நீங்க அங்கிட்டு யார்கூடயோ பேசிக்கிட்டு நின்னீங்க. அவ ஜெனரேட்டர் பக்கமா போயிட்டா, வயரெல்லாம் பிரிஞ்சு கெடந்துச்சு. நான் சத்தம் போட்டேன். பெறவு லைட்டுக்காரப் பையன் தூக்கிட்டு வந்துட்டான்."

எனக்கு இது தெரியாது. அன்று மணியைக் கூட்டிப் போனது நினைவிருக்கிறது. பானுவுக்கு ஆபீஸ், அதனால் கூட்டிப் போனேன். அவள் என் பக்கத்திலேயே இருந்தாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"உங்ககிட்ட சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல" என்றார்.

மார்ச் 2, ஞாயிறு

அந்த ஷாட்டின் ஒலியைத் தேடி எடுத்தேன். டிரெய்லர் வெட்டும்போது நான் முதலில் செய்கிற காரியம் படப்பிடிப்புச் சத்தத்தை மொத்தமாக அணைப்பது. எல்லாச் சத்தத்தையும் புதிதாகக் கட்டுவதுதான் வழக்கம். அதனால் கேட்டதே இல்லை.

பாத்திரச் சத்தம். யாரோ தண்ணீர் கேட்கிறார்கள். அப்புறம் டீச்சர். நான் வெட்டிய இடத்துக்கு மூன்றே ஃப்ரேம் தள்ளி.

"மணீ, அங்கன போவாத, வயரு கெடக்கு. மணீ."

திரும்பத் திரும்பக் கேட்டேன். இத்தனை லட்சம் பேரைப் பயமுறுத்துகிற கண் இது. என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்த கண். பயத்தை நான் உண்டாக்கவே இல்லை, அது ஏற்கெனவே இருந்தது. யாருக்காக என்பதை மட்டும் வெட்டி எறிந்திருக்கிறேன்.

மார்ச் 3

மணியை மடியில் வைத்துக் காட்டினேன். நன்றாக யோசித்துத்தான் செய்தேன். நல்ல வெளிச்சம், வெட்டாத ஷாட், முழுச் சத்தம். முதலில் பந்தி, அவளுக்குத் தெரிந்த முகங்கள். எதிர் வீட்டு மாமாவைப் பார்த்துச் சிரித்தாள். "இப்போ டீச்சர் உன்னைக் காப்பாத்தக் கூப்பிடுவாங்க பாரு" என்றேன்.

டீச்சர் நிமிர்ந்தார். மணீ என்றார்.

மணியின் உடம்பு மடியில் விறைத்துப்போனது. என்னைத் திரும்பிப் பார்த்து, மெதுவாக, "அதுக்கு என் பேரு தெரியுமாப்பா?" என்றாள்.

மூடிவிட்டேன்.

மார்ச் 4

மணிக்குக் காய்ச்சல். பானு லீவு போட்டாள். மணியைத் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள்.

மார்ச் 7

மணிக்குக் காய்ச்சல் விட்டது. நான் ஒரு காரியம் செய்தேன். வெட்டாத ஷாட்டை, டீச்சர் குரலோடு, நடந்தது இன்னது என்று எழுதி, என் பெயரைப் போட்டே வெளியிட்டேன். ஒப்பந்தப்படி செய்யக்கூடாது, தெரியும். மதியம் வரை முந்நூற்றுச் சொச்சம் பேர் பார்த்தார்கள். ஒருவர், பயம் போய்விட்டதே, ஏன் கெடுக்கிறீர்கள் என்று எழுதியிருந்தார்.

மார்ச் 8

உரிமை மீறல் என்று எடுத்துவிட்டார்கள். ஒரு நாள்கூட ஆகவில்லை. டீச்சர் முகத்தை எடுக்கச் சொல்லி நான் கொடுத்த புகாருக்கு இரண்டு வாரமாகப் பதில் இல்லை.

ஜெயசிங் மட்டும் பேசினான். "இனும என்னைக் கூப்புடாதீங்கண்ணே. ஆபீஸ்ல கேக்காவ." தப்பாகச் சொல்லவில்லை. அவனுக்கு முதல் படம்.

மார்ச் 13

டீச்சரை உடன்குடிப் பக்கம் ஒரு மையத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அவர்தான் கேட்டு வாங்கினாராம். பஸ்ஸில் போக வர மூன்று மணி நேரம்.

மார்ச் 21

படம் வெளியானது. போகவில்லை.

மார்ச் 28

படத்தைத் தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஓடவில்லை. டிரெய்லரில் வந்த முகம் படத்தில் எங்கே என்று கேட்டு நிறையப் பேர் திட்டியிருக்கிறார்கள். படத்தில் அந்த ஷாட்டே கிடையாது.

டிரெய்லர் அப்படியே இருக்கிறது. நாற்பத்திரண்டு லட்சம்.

ஏப்ரல் 9

சீனித்தாய் அக்காவை ரேஷன் கடையில் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டவர், பிறகு அவராகவே வந்தார். "உடன்குடியில மொத வாரம் நல்லாத்தான் இருந்துச்சாம். பெறவு அங்கனயும் எவளோ போனத் தூக்கிட்டு வந்துட்டா. இப்ப வேலைய விட்டுட்டாவ தம்பி. பதினாறு வருச சர்வீசு."

நான் போய்ப் பேசிப் பார்க்கட்டுமா என்றேன்.

"என்னத்தப் பேசப் போறீங்க" என்றார். கோபமாக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது.

ஏப்ரல் 10

போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியாக டிவி சத்தம் கேட்டது. தட்டாமல் வந்துவிட்டேன்.

மே 5

சென்னையிலிருந்து வேறொரு கம்பெனி. பேய்ப்படம். அந்த டீச்சர் ஷாட் மாதிரி ஒன்று வேண்டும் என்று அதையே அனுப்பிக் காட்டுகிறார்கள். முடியாது என்றேன். காரணம் சொல்லத் தோன்றவில்லை, அவர்கள் கேட்கவும் இல்லை.

மே 23

அந்த டிரெய்லர் வந்துவிட்டது. வேறு யாரோ வெட்டியிருக்கிறார். தேங்காய் விற்கிற ஒரு கிழவர் திரும்பிப் பார்க்கிறார், இமைக்காமல். நன்றாக வெட்டியிருக்கிறார்.

யார் அந்தக் கிழவர்?

ஜூன் 14, சனி

மணிக்கு ஷூ வாங்கப் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனோம். எல்.கே.ஜி. சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. அழவே இல்லை. புது மிஸ் சொல்லிக்கொடுத்த பாட்டை வீடு முழுக்கப் பாடுகிறாள்.

கடையை விட்டு இறங்கும்போது பிரேமா டீச்சர் எதிரே வந்துகொண்டிருந்தார். கையில் காய்கறிப் பை. மிகவும் இளைத்திருந்தார். என்னைப் பார்ப்பதற்கு முன்பே மணியைப் பார்த்துவிட்டார். நின்றார். பிறகு சட்டென்று முந்தானையைத் தலைக்கு இழுத்துப் பாதி முகத்தை மூடிக்கொண்டு, ரோட்டில் இறங்கி, எதிர்ச்சாரிக்குப் போனார். ஒரு மினி பஸ் பிரேக் போட்டு நின்றது. டிரைவர் ஏதோ கத்தினார். டீச்சர் திரும்பவில்லை.

கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டு?

மணி எக்கி எக்கி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த ஆன்டி ரோட்டப் பாக்காமப் போறாங்கப்பா" என்றாள்.

"யாருன்னு தெரியுதா மணி?"

இன்னொரு தடவை நன்றாகப் பார்த்தாள். முகத்தில் பயம் எதுவும் இல்லை.

"தெரியாது" என்றாள். ஷூ டப்பாவைத் தானே தூக்குவேன் என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.